ஸ்ரீபெரும்புதூர் தாண்டிட்டான்

கரையான்சாவடி, பூந்தமல்லி
12.8.89

என் கண்ணு நாகப்பனுக்கு, உன்னைப் பெத்தவ வேம்புலியம்மா எழுதறது. இங்க நானும் உன் தங்கச்சி வரலட்சுமியும் எத்திராஜ் மாமாவும் ஆண்டவன் புண்ணியத்துல கையும் காலும் நல்லா கீறோம், அந்த சவுதி வெயில்ல நீயும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம கீறேன்னு நம்பி இந்தக் காயிதத்தை ஆரம்பிக்கிறேன். எழுத்தைப் பாத்துட்டு பயந்துடாத. எப்பவும் நான் பக்கத்துல குந்திக்கினு சொல்லுவேன், வரலட்சுமி எழுதுவா. இன்னிக்கி நானே எழுதறேன். அஞ்சாவதோட நின்ன படிப்பு, கோழி கிளறின மாதிரி தான் கீது, கோச்சிக்காம மெதுவா படி. இதுல வர சங்கதியை அவ கிட்ட வாயால சொல்லி எழுத வைக்க எனக்கு மனசு வரல, அவ வேற ஏழு மாசம். அவளைத் தூங்கச் சொல்லிட்டு மத்தியானத்துல குந்தி எழுதறேன்.

வரலட்சுமியை வளைகாப்பு முடிச்சி போன வாரம் தான் இட்டாந்தோம். முகம் தெளிவா கீது, காலு தான் சாயங்காலம் ஆனா வீங்குது. மாப்பிள்ளை அம்பத்தூர் எஸ்டேட்ல அதே கம்பெனியில தான் கீறாரு, ஞாயித்துக்கெழமை வந்து ஒரு கிலோ ஆப்பிள் வச்சிட்டுப் போனாரு, பேச்சு மட்டும் இன்னும் விலைக்குத் தான் விக்கிறாரு. எத்திராஜுக்கு சக்கரை வந்துகினு கீது, டீக்கடையில சக்கரை இல்லாம குடிக்கிறேன்னு சொல்லிட்டு ரெண்டு பன் துன்றான். தெருக் கொழாயில தண்ணி வந்து மாசம் ஆவுது, தண்ணி லாரி வந்தா கொடத்தை வச்சிக்கினு ஒரே சண்டை. நீ அனுப்பின கம்பளி போர்வையை பீரோவுல வச்சிட்டேன், பூந்தமல்லியில கம்பளி போத்திக்கினா என்னைக் கீழ்ப்பாக்கத்துல கொண்டு போயி வுட்டுடுவாங்க. நீ நேரத்துக்கு நாஷ்டா துன்னு, ராத்திரியில வெறும் ரொட்டியைக் கடிச்சிக்கினு படுத்துடாத, வெயில்ல வேலை செய்யறப்போ தலையில துணி கட்டிக்கோ.

உன் காயிதம் நேத்து வந்துது. வரலட்சுமி சத்தமா படிச்சா. ஆடி அமாவாசை அன்னிக்கி நைனாவுக்கு வருச தெவசம்னு லீவு சொல்லிட்டு, ரூம் கதவை சாத்திக்கினு நைனா படத்தை வச்சி, சோறு வடிச்சி, கூட கீற பசங்க நாலு பேருக்குப் போட்டேன்னு எழுதியிருந்த. அதோட வுட்டியா, ஒரு நாளு முன்ன தெரிஞ்சிருந்தா கூட எப்படியாவது பறந்து வந்து உசுரோட மொகத்தைப் பாத்திருப்பேன், இனிமே அங்க எனக்காக யாரு காத்துக்கினு கீறாங்க, லீவு எடுக்காம இன்னும் ரெண்டு வருசத்துக்கு கம்பெனிக்கு எழுதிக் குடுத்துடலாமுன்னு கீறேன், நீ இன்னா சொல்றேன்னு கேட்டிருந்த. நான் சொல்றேன், கேளு. எழுதிக் குடுத்துடாத. ஏன்னு சொல்றதுக்கு முன்ன நீ எங்கன்னா குந்திக்கோ, நின்னுகினு படிக்காத.

கண்ணு, போன வருசம் ஆடி அமாவாசை அன்னிக்கி உங்க நைனா சாவல. அன்னிக்கி அவரு உசுரோட தான் இருந்தாரு. ரெண்டு வாய் ரசஞ்சோறு துன்னுட்டு, உப்பு எங்கடி, உப்பு வாங்க கூட இந்த ஊட்ல வக்கில்லையான்னு என்னைத் திட்டினாரு. கிட்னி கெட்டுப் போச்சி, உப்பு போடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதை நான் அவர் கிட்ட எத்தினி தபா சொல்றது. அன்னிக்கி காலைல தான் ஆஸ்பத்திரியில, இனிமே இங்க வச்சிக்கினு ஒண்ணும் ஆவாது, ஊட்டுக்கு இட்டுகினு போங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. அவரைக் கட்டில்ல படுக்க வச்ச கையோட எத்திராஜ் போஸ்ட் ஆபீசுக்கு ஓடி உனக்கு தந்தி குடுத்துட்டு வந்தான். அப்பா சீரியஸ், உடனே கிளம்பவும். அவ்ளோ தான். அவன் மனசுல ஒண்ணும் இல்ல, நெசமாவே சீரியஸ், அதனால சீரியஸ்னு குடுத்தான்.

நம்ம ஜனங்க பழக்கம் உனக்குத் தெரியாததா. ஆள் போயிட்டாலும் போயிட்டாருன்னு தந்தியில போட மாட்டாங்க, வர வழியில மனசு வுட்டுடுவாங்கன்னு சீரியஸ்னு தான் போடுவாங்க. உங்க பெரியப்பா செத்தப்போ உங்க நைனா லோடு ஏத்திக்கினு ஹூப்ளியில இருந்தாரு. அங்க லாரி ஆபீசுக்கு அப்படித் தான் தந்தி போச்சி. அண்ணன் சீரியஸ்னு பாத்ததும் இவரு ரோட்டோரத்துல குந்தி அங்கியே தலை முழுகிட்டு தான் வண்டியை எடுத்தாராம். நீ சின்னதா இருக்கச் சொல்லோ இந்தக் கதையை உனக்கு எத்தினி தபா சொல்லியிருப்பாரு, தந்தியில சீரியஸ்னு வந்தா ஆள் முடிஞ்சிட்டான்னு அர்த்தம் டா, ஆள் நல்லா இருந்தா எவன் தந்தி குடுப்பான்னு. நீ அவரு சொன்னதைத் தான் நெனச்சிக்கினே. உன் மேல ஒரு துளி குத்தம் இல்ல. இதை முதல்ல மனசுல வாங்கிக்கோ, அப்பால மேல படி.

உன் பதில் தந்தி வந்துது. இங்கிலீஷ்ல இருந்துது, வரலட்சுமி தான் எழுத்துக் கூட்டி படிச்சா. நைனா போனதை தாங்க முடியல, பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில, வந்து சேர முடியாது, எனக்காக எடுக்காம வச்சிருக்க வேணாம், பெரியப்பாவோட சின்னப்பையனை வுட்டு கொள்ளி வச்சிடுங்கன்னு. உள்ள கட்டில்லேர்ந்து உங்க நைனா கேக்கறாரு, நாகப்பன் கிட்டேர்ந்து தானே, இன்னாவாம்னு. நாங்க மூணு பேரும் வாசல்ல அந்தக் காயிதத்தைப் புடிச்சிக்கினு நிக்கிறோம். உசுரோட கீற மனுசனுக்கு கொள்ளி வைக்கச் சொல்லி பையன் தந்தி குடுத்துக் கீறான்னு எந்த வாயால சொல்றது. எத்திராஜ் தான் உள்ள போயி, கெளம்பிட்டானாம் மாமா, வந்துகினே கீறானாம்னுட்டான். நான் அடுப்பைப் பாக்கற மாதிரி திரும்பிக்கினேன். அவரு மொகத்தை அன்னிக்கி நீ பாத்திருக்கணும். ஆஸ்பத்திரியில அத்தினி ஊசி போட்டும் வராத ரத்தம் மொகத்துல வந்துது. ஆளு உசுரோட கீறாருன்னு உனக்கு மறு தந்தி குடுத்திருக்கலாம், பாஸ்போர்ட் இல்லாம வர முடியாத புள்ளையை ரெண்டாந் தபா அழ வைக்கறதான்னு நாங்க வுட்டுட்டோம்.

அப்பால ஆரம்பிச்சாரு கணக்கு. எப்ப ஏறினான், எங்க மாறணும்னு ஒரே நச்சரிப்பு. பக்கத்து ஊட்டு ஜாபர் அலி பாயை இட்டாரச் சொன்னாரு, அவரு தம்பி சவுதிக்குப் போயி வரவரு இல்லையா. பாய் கிட்ட நாங்க முன்னாடியே சொல்லி வச்சிட்டோம், பாவம், பொய் சொல்ல வராத மனுசன், தரையைப் பாத்துக்கினே சொன்னாரு. ரியாத்லேர்ந்து பம்பாய்க்கு நாலு மணி நேரம், அங்கேர்ந்து மெட்ராசுக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ளன்னு. தூரம் எவ்ளோன்னு கேட்டாரு. தில்லிக்குப் போயிட்டு திரும்பி வர தூரம்னாரு பாய். உங்க நைனாவுக்கு சிரிப்பு தாங்கல. அட பேமானி, நான் பெங்களூருக்கு லோடு கொண்டு போயி எறக்கற நேரத்துல சவுதியிலேர்ந்து வந்துடலாமா, இது தெரியாம அவன் எங்கியோ சீமையில கீறான்னு இத்தினி நாளு ஏங்கினு இருந்தேனேன்னாரு. பெங்களூர் தூரம் தான் டி வேம்புலி, பெங்களூர் தூரம் தான்னு என் கிட்ட திருப்பித் திருப்பி சொன்னாரு.

என்னை மாடிக்கு இட்டுகினு போங்கன்னு அடம். காலு ரெண்டும் தூண் மாதிரி வீங்கி செருப்பு கூட நுழையல. நாக்காலியில குந்த வச்சி நாலு பேரு தூக்கினு போனாங்க. கம்பி லோடு வெளிய நீட்டிக்கினு இருந்தா பின்னாடி கட்டுவாங்களே செவப்புத் துணி, அது ஒண்ணு ஊட்ல கெடந்துது, அதைக் கையில வாங்கி வச்சிக்கினாரு. சாயங்காலம் ஒரு பிளேன் நம்ம ஊட்டுக்கு மேல தாழ வருமில்ல, அது வந்ததும் துணியை ஆட்டினாரு. ஜன்னல் ஓரத்துல குந்தியிருந்தா பாப்பான், நம்ம மாடி அவனுக்கு அடையாளம் தெரியும், அவன் காசுல போட்ட தளம் தானேன்னாரு. அது பம்பாய் பிளேனோ தில்லி பிளேனோ எவனுக்குத் தெரியும். கண்ணு கீழ தெருவையே பாத்துது, டாக்சி வருதான்னு. வரல. அடுத்த நாளும் தூக்கினு போகச் சொன்னாரு. அன்னிக்கும் வரல.

இதுக்கப்பால நாங்க பொய் சொல்லவே தேவைப்படல நாகப்பா, உனக்காக அவரே சொல்லிக்கினாரு. பம்பாயில எறங்கிட்டான், அங்க பிளேன்ல எடம் கெடைக்கல, புத்திசாலி இல்ல, நம்ம ஊரு லாரி எதையோ புடிச்சி ஏறிட்டான்னு ஒரு நாளு காலைல எழுந்ததும் சொன்னாரு. சொல்லிட்டு எவ்ளோ நிம்மதி. கடலு மேல எனக்கு ரோடு தெரியாது, பம்பாய்லேர்ந்து தெரியும், இனிமே அவன் எங்க வரான்னு நான் சொல்றேன்னாரு. அன்னிலேர்ந்து கண்ணை மூடிக்கினு உன் கூட வந்தாரு. புனே தாண்டிட்டான். கோலாப்பூர்ல டீ குடிக்கிறான். பெல்காம்ல மழை, வண்டி மெதுவா தான் வரும். ஹூப்ளியில டிரைவர் கண்ணசர்றான், அசரட்டும், அண்ணன் செத்த சேதி கேட்ட எடம் அது, அங்க என் பையனை எறங்க வேணாம்னு சொல்லு. தாவணகெரேயில ஆக்சில் உடைஞ்சிடுச்சின்னு ரெண்டு நாளு நிறுத்தி வச்சிட்டாரு. நீ லேட்டா வர, உன்னை யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னு அவரே வண்டியை ரிப்பேர் ஆக்கினாரு. எத்திராஜ் தாங்க முடியாம வெளிய போயி அழுதான். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாதுக்கான்னு என் கையைப் புடிச்சிக்கினான்.

ஆவணி பொறந்துடுச்சி. வளர்பிறை தசமி. அன்னிக்கி காலைலேர்ந்து மூச்சு வேற மாதிரி வாங்கிச்சி, வார்த்தை சரியா வரல. காதை வச்சி கேட்டா ஊரு பேரு சொல்லிக்கினு கீறாரு. ஆம்பூர். வேலூர். வாலாஜா. சாயங்காலம் நான் பக்கத்துல குந்தி நெஞ்சைத் தடவிக்கினு இருந்தேன், திடீர்னு கண்ணைத் தொறந்தாரு, தெளிவா, நல்ல நாள்ல பேசற மாதிரி சொன்னாரு, 'ஸ்ரீபெரும்புதூர் தாண்டிட்டான். சோறு வடி டி.' லோடுக்குப் போயி வர ஒவ்வொரு தபாவும் அங்கேர்ந்து தான் யார் கிட்டயாவது சொல்லியனுப்புவாரு, ஸ்ரீபெரும்புதூர் வந்துட்டேன், உலையை வைன்னு. நானும் கூறு கெட்டவ, எழுந்து போயி அரிசியைக் களைஞ்சி உலையில போட்டேன். உனக்குன்னு ஒரு ஆழாக்கு சேத்து போட்டேன். சோறு கொதிக்கச் சொல்லோ வரலட்சுமி கத்தினா. நான் வந்து பாக்கறேன், அவரு கண்ணு வாசப்படி மேல நிக்குது. மூடி வுட்டேன்.

உனக்கு மறுபடி தந்தி குடுக்கணுமான்னு நான் கேட்டதுக்கு, அவன் கிட்ட இன்னான்னு குடுக்கறது, செத்தவரு மறுபடி செத்துட்டாருன்னான்னு எத்திராஜ் கேட்டான். சின்னப்பையன் கொள்ளி வச்சான், நீ சொன்ன மாதிரியே. பதினாறு முடிஞ்சப்பால எல்லாம் நல்லபடியா ஆச்சின்னு எத்திராஜ் உனக்கு காயிதம் போட்டான், தேதி மட்டும் எழுதல. நீ அங்க ஒண்டியா கீற, தெரிஞ்சா இன்னா பண்ணிப்பியோன்னு பயம். நானும் சரின்னுட்டேன். மூடி வச்சா ஆறிடும்னு நெனச்சோம். ஆறல.

இனிமே எழுதறதை படிச்சிட்டு அம்மாவுக்கு புத்தி கலங்கிடுச்சின்னு நெனச்சாலும் சரி, எழுதிடறேன். உங்க நைனா இன்னும் போவல. சாயங்காலம் அந்த பிளேன் சத்தம் தூரத்துல கேட்டதுமே படியில டயர் செருப்பு சத்தம் கேக்குது. மெத்து மெத்துன்னு, ஒரு படி வுட்டு ஒரு படி, அவரு ஏறற மாதிரியே. அந்தச் செருப்பை எத்திராஜ் காரியம் முடிஞ்ச அன்னிக்கே ஏரியில போட்டுட்டான். கடைசியில வீங்கின காலுக்கு நுழையாத செருப்பு இப்ப எப்படி நுழையுதுன்னு தான் நான் யோசிக்கிறேன். மொதல்ல எனக்கு மட்டும் தான் கேக்குதுன்னு நெனச்சேன். இட்டாந்த ரெண்டாம் நாளு வரலட்சுமி, மாடியில யாரும்மா நடக்கறாங்கன்னா. பூனைன்னுட்டேன். பூனை செருப்பு போடுமான்னு அவ கேக்கல, ஆனா அதுலேர்ந்து விளக்கு வச்சப்பால என் முந்தானையை வுடறதில்ல. பிள்ளைத்தாச்சி பொண்ணு பயந்துக்கினு கீறது எனக்கு நல்லதா படல. எனக்கு பயம் இல்ல. அவரு இன்னா, என்னை அடிக்கவா போறாரு, இருந்தப்பவே அடிச்சதில்ல. ஆனா சில நாளு அடுப்பாண்ட நிக்கச் சொல்லோ முதுகுக்குப் பின்னால சோறு வடி டின்னு கேக்குது. இந்த ஒரு வருசமா ஒரு ஆளு சோறு சேத்து தான் வடிக்கிறேன். காலைல எடுத்து நாய்க்கு வைக்கிறேன்.

நல்லா ரோசனை பண்ணிப் பாத்துட்டேன். அவருக்குக் கொற ஒண்ணும் இல்ல, கோவமும் இல்ல. அவரைப் பொறுத்த வரைக்கும் நீ ஸ்ரீபெரும்புதூர் தாண்டிட்ட. அங்கேர்ந்து நம்ம ஊட்டுக்கு லாரியில வர எவ்ளோ நேரம் ஆவும், ஒரு டீ ஆறுற நேரம். அந்தத் தூரத்துக்கு தான் ஒரு வருசமா காத்துக்கினு கீறாரு. இதோ வந்துட்டான், இதோ வந்துட்டான்னு வாசல்ல நிக்கிறவன் எப்படி கெளம்பிப் போவான் சொல்லு. இதுல நீ அவரு உசுரோட இருந்த நாள்ல அங்க அவருக்கு சோறு படைக்கிற. அந்தச் சோறு எங்க போயி சேரும் கண்ணு. ஆடி அமாவாசை ஊரே பெரியவங்களுக்குப் படைக்கிற நாளு, அதை பண்றதுல தப்பில்ல, ஆனா உங்க நைனா நாளு அது இல்ல.

நேத்து உன் காயிதம் படிச்சப்பால சாயங்காலம் பிளேன் வந்துது, படியில சத்தம் வந்துது. என்னால முடியல. படிக்குக் கீழ நின்னு வாய் வுட்டு சொன்னேன், அவன் கெளம்பவே இல்லீங்க, நாங்க பொய் சொன்னோம், நீங்க முன்னமே போயிட்டீங்கன்னு நெனச்சிக்கினு அங்க உங்களுக்கு அழுதுகினு கீறான், நீங்க போயி நிம்மதியா கெடங்கன்னு. சத்தம் பாதி படியில நின்னுடுச்சி. அப்பால மறுபடி மேல ஏறிப் போச்சி. நான் சொன்னதை அவரு நம்பல. உன் மேல அவருக்கு அவ்ளோ நம்பிக்கை.

அதனால தான் சொல்றேன், எழுதிக் குடுத்துடாத. கம்பெனிக்காரன் கிட்ட காலுல வுழுந்தாவது பாஸ்போர்ட்டை வாங்கு. அவசரம் இல்ல, தை மாசத்துக்குள்ள வந்தா போதும், வரலட்சுமி கொழந்தையையும் பாத்த மாதிரி ஆவும். பெங்களூர் தூரம் தான். வந்து மூட்டையை வாசல்ல போட்டுட்டு நேரா மாடிக்கு ஏறு, நைனா வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, கீழ எறங்கி வந்து நான் போடற சோத்தை துன்னு. அது போதும் எனக்கு. அப்பால நீ எந்த தேசத்துக்கு வேணும்னாலும் போ, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இதைப் படிச்சிட்டு ரூம்ல ஒண்டியா படுத்துக்கினு அழாத, கூட கீற பசங்க கிட்ட சொல்லி அழு. உனக்கு எந்தப் பாவமும் இல்ல, அவரு போற வரைக்கும் உன் கூட தான் இருந்தாரு, அவ்ளோ தூரம் வழித்துணையா வந்தாரு.

கண்ணுக்குத் தெரியாத தூரத்துல கீற என் புள்ளைக்கு எந்த நோய் நொடியும் அண்டாம, நல்ல பேரோட நூறு வயசு இருக்கணும். வரலட்சுமி எழுந்துட்டா, நிறுத்தறேன். ஆவணி வளர்பிறை தசமி, அடுத்த மாசம் ஒம்போதாந் தேதி வருது, மறந்துடாத. ரசம் சோறு வை, இந்தத் தபா உப்பு போடு.

இப்படிக்கு
உன் அம்மா
தே. வேம்புலியம்மாள்

இன்னொண்ணு. எத்திராஜ் தலையில அடிச்சி சத்தியம் வாங்கிட்டேன், எனக்கு ஒண்ணு ஆச்சின்னா அம்மா செத்துட்டாங்கன்னு தான் உனக்கு தந்தி வரும், பூசி மெழுக மாட்டான். அம்மா சீரியஸ்னு வந்தா, நான் உசுரோட கீறேன். கெளம்பி வா.